புகைக் கூண்டுக் காவல்

ஏப்ரல் 21, திங்கள்

இன்று முதல் எனக்குப் புது இடம். அலைக்குளத்துக்குப் பின்னால், ஆண்கள் கழிப்பறையைத் தாண்டி, தகரக் கூரை போட்டுச் சுற்றிலும் வலை அடித்த புகைப்பிடிக்கும் இடம். இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அதைக் கூண்டு என்றுதான் சொல்வோம். இத்தனை வருஷமாக நுழைவாயிலில் பெண்களின் கைப்பையைச் சோதித்துக்கொண்டிருந்தவளைத் தூக்கி அங்கே போட்டுவிட்டார்கள்.

போன வாரம் கூண்டில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை எவனோ செல்போனில் படம் எடுத்துவிட்டானாம். அவர்கள் ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். உடனே அங்கே ஒரு பெண் காவலரைப் போடு என்று மேலிடம் சொல்லிவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் லூர்துசாமி சார் யார் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று பார்த்தார். நான்தான் கிடைத்தேன்.

“பூங்காவனம்மா, உங்க பேர்லயே பூங்கா இருக்கு. இதுல எந்த மூலயும் உங்களுக்குச் சொந்தந்தான்” என்று சிரித்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இதே ஜோக்கைத்தான் சொல்கிறார்.

தீப்பெட்டி, லைட்டர் எதையும் பூங்காவுக்குள் விடுவதில்லை. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கூண்டுக்கென்று இருப்பது ஒரே ஒரு லைட்டர். பெட்டிக்கடையில் கட்டித் தொங்கவிடுவது போல அதை ஒரு நாடாவில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். யார் வந்தாலும் என்னிடம்தான் நெருப்பு கேட்க வேண்டும். முதலில் வந்தவர் நல்ல தாட்டியான மனிதர், மீசையும் தங்கச் சங்கிலியுமாக. சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்த்ததும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “இங்க குடிதண்ணி எங்கம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நிர்வாகம் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. உட்கார்ந்தே இருக்கிற வேலைதானே என்று எடுத்து வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தலைவலி.

ஏப்ரல் 24, வியாழன்

பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. முட்டி வலி ஒருபக்கம், புகை ஒருபக்கம். தகரக் கூரை மத்தியானம் ஆனால் தோசைக்கல் போலக் காய்கிறது. எதிரே அலைக்குளத்தில் ஜனங்கள் கூச்சல் போட்டுக் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஒன்று மட்டும் வேடிக்கையாக இருக்கிறது. ஆண்கள் யாரும் என் முன்னால் நேராக நின்று பிடிப்பதில்லை. நெருப்பை வாங்கியதும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார்கள். சின்னப் பையன்கள் “சாரி ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் பற்றவைக்கிறார்கள். என் வயது இருக்கும் ஒருவர் மணல் வாளிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சிகரெட்டை உள்ளங்கைக்குள் பொத்தி இழுக்கிறார். சாயங்காலம் ஒரு சின்னப் பெண் குழந்தை, நீச்சல் உடையோடு, அப்பாவைத் தேடி உள்ளே ஓடி வந்துவிட்டாள். அங்கிருந்த எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போயின. அவளுடைய அப்பாவுக்கு மூக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, கை மட்டும் பின்னால் இருந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியவர்களைக் கண்டால் மறைப்பதுதான் நம் பக்கத்து மரியாதை. பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பெண்களும் வருகிறார்கள். இன்று மூன்று பேர் வந்தார்கள். லைட்டரை முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். எனக்குப் பிடிக்கவில்லை. என் டைரியில் எதற்குப் பொய் எழுத வேண்டும், பிடிக்கவில்லைதான்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என்னை மோந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். வீட்டில் என் பிள்ளை பிரதாப்பும், “தள்ளிப் போம்மா, நாறுது” என்றான். அவன் சட்டைகளிலும் இதே வாடை வருகிறது. என் யூனிஃபார்மையும் அவன் சட்டையையும் ஒரே பக்கெட்டில் ஊறவைக்கிறேன், அதனால் ஒட்டிக்கொள்கிறது. இனிமேல் தனித்தனியாக ஊறவைக்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

லூர்துசாமி சாரிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் நிரோஷா. ராட்டினம், லிஃப்ட் இதெல்லாம் பத்திரமாக ஓடுகிறதா என்று சோதிக்கிற கம்பெனியில் இன்ஜினியர். அப்பா இல்லை. அம்மா அம்சவேணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என்னைப் போலத்தான், ஒற்றை ஆளாக நின்று பிள்ளையைக் கரையேற்றியவர்.

பெண் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாள். கேசரியைக் கொடுத்துவிட்டு, “சக்கர கொஞ்சம் தூக்கல்தான். எங்கம்மா பயத்துல போட்டுட்டாங்க” என்றாள். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. பிரதாப்பும் அழகாக நடந்துகொண்டான். இஸ்திரி போட்ட சட்டை, அதிகம் பேச்சில்லை. மறைமலை நகர் கார் கம்பெனியில் வேலை என்று அவனே சொன்னான். மார்ச்சிலிருந்து போவதில்லை என்பதை நான் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிடுவார்கள் என்கிறான். கூப்பிடத்தான் போகிறார்கள், அதற்குள் எதற்கு அதைக் கிளற வேண்டும்.

கிளம்பும்போது அம்சவேணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களப் பாத்ததுமே எனக்கு மனசு நெறஞ்சுடுச்சுங்க. நீங்க வளத்த புள்ள எப்படித் தப்பாப் போகும்?”

ஜூன் முதல் ஞாயிறு நிச்சயம் என்று பேசி முடித்தோம். இந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டால் போதும். பொறுப்பு வந்தால் ஆண்பிள்ளை தானாகத் திருந்திவிடுவான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 30, புதன்

இடது கை முழங்கைக்கு மேல் வீங்கியிருக்கிறது. குளியலறைக் கதவு இடித்துவிட்டது. தகரக் கதவு, காற்றடித்தால் படாரென்று மூடிக்கொள்ளும்.

பிரதாப்பே மருந்துக்கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவனுக்கு. கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவன் அப்பாவும் அப்படித்தான்.

மே 1, வியாழன்

லீவு நாள். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். லைட்டரில் காஸ் தீர்ந்து, வேறு வாங்கி வருவதற்குள் கூண்டில் கலவரம் ஆகிவிட்டது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். முழுக்கை யூனிஃபார்ம் சட்டை கேட்டு வாங்கினேன். “இந்த வெயில்ல முழுக்கையாம்மா? எல்லாரும் அரைக்கையே வேணாங்கறாங்க” என்றார் லூர்துசாமி சார். வெயில் நேராகத் தோலில் பட்டால் கொப்புளம் வருகிறது என்றேன். கூண்டுக்குக் கூரை இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மே 7, புதன்

என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் வாசல் பக்கம் நிழலாடியது. நீலச் சட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் பெரிய பூட்ஸ். ராட்டினங்களைச் சோதிக்க வெளிக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். ஏதோ பையன் என்றுதான் நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி, சிகரெட்டை உதட்டில் வைத்து, “அக்கா, நெருப்பு” என்று குனிந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன்.

நிரோஷா.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். சிகரெட் இன்னும் பற்றவே இல்லை. ஆனாலும் சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பூங்காவில் வேலை என்று நான் அவர்களிடம் சொல்லியிருந்தேன்தான், ஆனால் ஊருக்குள் எத்தனை பூங்கா இருக்கிறது. கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றோம். பின்னால் ஒருவர் “சீக்கிரம்மா” என்றார். அவருக்கு நெருப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

இந்தப் பெண்ணையா என் வீட்டுக்கு விளக்கேற்றக் கூட்டி வரப்போகிறேன்? உடனே பிரதாப்புக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். என்னவோ, போடவில்லை.

மே 9, வெள்ளி

அவளே வந்தாள். கையில் சிகரெட் இல்லை. எனக்கு ஒரு மோர் பாக்கெட் வாங்கி வந்திருந்தாள்.

“அத்த, நான் மன்னிப்பு கேக்க வரல. கேட்டா பொய்யாயிடும்” என்றாள். “காலேஜ்லருந்து இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு. விடணும்னு பாக்கறேன், வேல டென்ஷன்ல முடியல. எங்கம்மாவுக்குத் தெரியாது. நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன்.”

“பொம்பளப் புள்ள இதெல்லாம்...” என்று ஆரம்பித்தேன். கூண்டுக்குள் ஆண்கள் ஆளுக்கொரு மூலையில் ஊதிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் நான்தான் நெருப்பு கொடுத்திருக்கிறேன். இவளுக்கு மட்டும் என்ன பாடம் நடத்துவது.

“மோர் சூடாயிடும், குடிங்க” என்றாள்.

குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. இந்த மாதம் முழுக்க வாரத்தில் மூன்று நாள் வருவாளாம். மேலே ஏறி இறங்கி ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்க்கிற வேலை. “பயமா இல்லையா?” என்று கேட்டேன். “நட்டு பொய் சொல்லாது அத்த” என்றாள்.

மே 12, திங்கள்

பிரதாப்பிடம் பேச்சோடு பேச்சாக, இப்போதெல்லாம் பெண்களும் கூண்டுக்கு வருகிறார்கள், நல்ல வேலையில் இருக்கிற பெண்கள்தான், என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் சிகரெட். சாம்பலை நான் குடிக்கிற டம்ளரில்தான் தட்டினான்.

“அதுங்கள்லாம் பொம்பளைங்களா?” என்றான். “என் வீட்ல எவளாச்சும் தொட்டா, அதே சிகரெட்ட வாயிலயே வச்சு அணைப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்.

டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை.

மே 15, வியாழன்

இன்று பெரிய ரகளை.

நிரோஷா வந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் நெருப்பு கொடுத்தேன். அவளும் எனக்கு முதுகைக் காட்டி வலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அப்போது வாசலில் நின்ற ஒருவன் போன் பார்ப்பது போலக் கையை உயர்த்தினான். நுழைவாயிலில் இத்தனை வருஷம் நின்றவளுக்குத் தெரியாதா, யார் போன் பார்க்கிறார்கள், யார் படம் பிடிக்கிறார்கள் என்று. 

உண்மையை எழுதிவிடுகிறேன். உடனே எழுந்திருக்கவில்லை. எடுத்துக்கொள்ளட்டுமே என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்தப் படம் எப்படியாவது ஊர் சுற்றிப் பிரதாப்பிடம் வந்து சேர்ந்தால் சம்பந்தம் தானாக முறிந்துவிடும். நான் யாரையும் காட்டிக்கொடுத்த பழி இருக்காது. அப்புறம்தான் கட்டிலில் சிரித்த அவன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து போய்ப் போனைப் பிடுங்கினேன்.

“ஏம்மா, பொம்பள சிகரெட் புடிக்கலாம், நாங்க போட்டோ புடிக்கக் கூடாதா?” என்று கத்தினான்.

“இது சிகரெட் புடிக்கற எடம். போட்டோ புடிக்கற எடம் ராட்டினத்துக்குக் கீழ இருக்கு. அங்க போ” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. லூர்துசாமி சார் வந்து படத்தை அழிக்க வைத்து, அவனையும் சமாதானப்படுத்தி, ஐஸ்கிரீம் கூப்பன் கொடுத்து அனுப்பினார். கூப்பன் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

போனைப் பிடுங்கியபோது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. நான் கவனிக்கவில்லை. நிரோஷா கவனித்தாள்.

“கைல என்னாச்சு அத்த?”

“குளியலறைக் கதவும்மா.”

அவள் என் கையை எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், ஏதோ இரும்பைப் பார்ப்பது போல. பழைய மஞ்சள், புது ஊதா, எல்லாம் இருந்தது. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மே 18, ஞாயிறு

சில்வர் தட்டு நெளிந்துவிட்டது. கை தவறி விழுந்தது. சுவரில் சாம்பார்க் கறை, சுண்ணாம்பு அடித்தால்தான் போகும்.

அம்சவேணியம்மா போன் செய்தார். நிச்சயப் புடவை மயில் கழுத்து நிறத்தில் எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்கள் என்றேன்.

மே 19, திங்கள்

லீவு. எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

மே 21, புதன்

நிரோஷா கூட்டம் குறையும் வரை வெளியே காத்திருந்து உள்ளே வந்தாள். இன்று பிடிக்கவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஞாயித்துக்கெழம அவர் கிட்ட நானே சொல்லிடலாம்னு இருக்கேன்” என்றாள்.

“என்னத்த?”

“சிகரெட்டத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு சண்ட போடறதுக்கு, முன்னாடியே சொல்லிட்டா அவருக்கும் நல்லது. வேணான்னா வேணாங்கட்டும். சரின்னா, விடறதுக்கு அவரும் கொஞ்சம் ஒதவுவாரு. இல்லயா?”

பிரதாப் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சம்பளம் அவனுக்கு வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு, இதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வான். பிறகு வாழ்நாள் முழுக்க, அடிக்கிற ஒவ்வொரு தடவையும் காரணம் கையிலேயே இருக்கும். அவள் அம்மாவிடம் போய் அழக்கூட முடியாது.

“இப்ப சொல்லாத கண்ணு” என்றேன்.

“ஏன்?”

நான் லைட்டர் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டேன்.

“அத்த, ஒண்ணு கேக்கறேன். நீங்க என்ன சொன்னாலும் நம்புவேன். உங்க புள்ள நல்லவரா?”

“நல்ல பையன்தாம்மா” என்று என் வாய் சொன்னது. எத்தனையோ வருஷமாகப் பழகின வாய். யோசிக்காமலே சொல்லிவிட்டது.

அவள் தலையை ஆட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ராட்டினத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

மே 22, வியாழன்

கூண்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னைக் கண்டால் மறைக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் கூட. நிரோஷாவும் மறைத்தாள். பிரதாப் எதையும் மறைப்பதில்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதவு என்னை ஒரு தடவை கூட இடித்ததில்லை.

மே 23, வெள்ளி

காலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அம்சவேணியம்மாவுக்கு போன் போட்டேன். வீட்டிலிருந்து பேச பயம். நிரோஷாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில், சத்தத்துக்கு நடுவே, யாரும் கவனிக்காத இடத்தில்தான் முடிந்தது.

அவர் புடவையைப் பற்றி ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து சொன்னேன். “புடவ எடுக்காதீங்க. உங்க பொண்ண எம்புள்ளைக்குக் குடுக்காதீங்க.”

எதிர்ப்பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. “என்னங்க சொல்றீங்க? எங்க பொண்ணு மேல ஏதாச்சும்...”

“உங்க பொண்ணு தங்கம். ஒரு குறையும் இல்ல. எம்புள்ளைக்கு வேல இல்ல. கை நீளும். என்னய அடிக்கறான். நாளைக்கு அவளயும் அடிப்பான்.”

சொல்லிவிட்டேன். யாரோ இன்னொருத்தியின் கதையைச் சொல்வது போல இருந்தது. முன் சீட்டில் ஒரு அம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அம்சவேணியம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “பெத்தவ நீங்களே இப்படிச் சொல்லலாமாங்க? வேற எடம் கிடைச்சிடுச்சா? அதுக்காகப் புள்ள மேல பழி போடறீங்களா?”

“பெத்தவதாங்க சொல்லணும். எனக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாரு வந்து உங்களுக்குச் சொல்லுவா?”

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அப்புறம் அவர் குரல் தணிந்து வந்தது.

“நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“வேலைக்குப் போயிட்டிருக்கேன்.”

“அவன் எங்க?”

“வீட்ல தூங்கறான்.”

“சாயங்காலம் அங்க போகாதீங்க. நேரா இங்க வந்துடுங்க.”

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். நாள் முழுக்க நெருப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஞாபகம் இல்லை. நிரோஷா வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் பிரதாப்பின் போன் வர ஆரம்பித்தது. அம்சவேணியம்மா அவனுக்கே போன் போட்டு நிச்சயதார்த்தம் இல்லை என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எடுத்தேன். “எவ உங்கிட்ட கேட்டா? நீதான் போட்டுக் குடுத்தியா?” என்று கத்தினான்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றேன். அவன் மேலே கத்துவதற்குள் போனை அணைத்துவிட்டேன். அவன் முகம் எனக்கு முன்னால் இல்லாததால்தான் சொல்ல முடிந்தது. அதுவும் எனக்குத் தெரியும். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. வயிறு பற்றி எரிகிறது. செய்தது சரி என்று தெரிந்தாலும் எரியத்தான் செய்கிறது.

சாயங்காலம் கால் தானாகக் கூடுவாஞ்சேரி நிறுத்தத்தில் இறங்கிவிட்டது. இதை அவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாற்றுத்துணி இல்லை. யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுவிட்டு, அம்சவேணியம்மாவின் நைட்டியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அரைக்கை. கை இரண்டும் வெளியே தெரிகிறது. அவர் ஒரு தடவை பார்த்தார். தைலம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நாளைக்கு அவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் என் துணிமணிகளை எடுத்து வரலாம் என்கிறார். பிரதாப் சும்மா விடுவானா, நான் எத்தனை நாள் இங்கே இருக்க முடியும், எதுவும் தெரியவில்லை. சம்பந்தி ஆகாத வீட்டில் என்ன உறவு என்று சொல்லிக்கொண்டு இருப்பது. யோசிக்கவும் தெம்பு இல்லை.

நிரோஷா வேலையிலிருந்து வந்தாள். நேற்றைக்கு முன்தினம் நான் சொன்ன பொய்யைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் தோளில் சாய்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து மொட்டை மாடிப் படியில் ஏறினாள். பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எங்க போனா இவ?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கா” என்றேன்.

“இப்ப என்ன துணி?”

“என் யூனிஃபார்ம்தாங்க. அதுல எப்பவுமே கொஞ்சம் சிகரெட் வாட வரும், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றேன்.